ஜேன் ஆஸ்டின் எழுதிய விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலக் காதல் நாவல் இன்று கொண்டிருக்கும் வடிவத்துக்கு மிகவும் கடன்பட்டிருப்பது ஜேன் ஆஸ்டினிடம் (1775–1817). இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரில், மதகுரு ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவர் அவர். திருமணம் செய்துகொள்ளவில்லை; தமக்கென ஓர் அறையும் தனி வருமானமும் இல்லாமலேயே ஆறு நாவல்களை முடித்தார். அவருக்குக் கதைகள் எங்கிருந்து கிடைத்தன, அவர் எப்போது எழுதினார், எவ்வளவு திருத்தினார் என்பன வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள். அவருடைய கடிதங்கள், எஞ்சியிருக்கும் கையெழுத்துப் பிரதிகள், அண்ணன் தம்பியரின் பிள்ளைகள் பிற்காலத்தில் எழுதிவைத்த நினைவுகள் ஆகியவற்றைக் கொண்டு இங்கே பதில் தரப்படுகிறது.

சொந்தக் காதல் அனுபவத்தைத்தான் நாவலாக எழுதினாரா?

அப்படி நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அவர் வாழ்க்கையில் பதிவாகியுள்ள காதல் நிகழ்ச்சிகள் மிகச் சில. 1795ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் அயர்லாந்திலிருந்து வந்திருந்த டாம் லெஃப்ராய் என்ற இளைஞருடன் நடன விருந்துகளில் பழகினார். 1796 ஜனவரியில் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறும்போடு விவரிக்கிறார். இருவருக்கும் சொத்து இல்லாததால் அந்தப் பழக்கம் சில வாரங்களில் முடிந்துபோனது. லெஃப்ராய் பின்னாளில் அயர்லாந்தின் தலைமை நீதிபதியானார். அடுத்தது, 1802 டிசம்பரில் மேனிடவுன் மாளிகையின் வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் அவரிடம் திருமணம் பேசியது. ஜேன் அன்று மாலை சம்மதித்தார். மறுநாள் காலையிலேயே சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அந்த வீட்டை விட்டுக் கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 26.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாயகனிலும் லெஃப்ராயின் சாயலைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேடல் ஆஸ்டினுடைய உழைப்பைச் சிறுமைப்படுத்துகிறது என்பது என் உறுதியான கருத்து. பெண் எழுதினால் அது அவளுடைய சொந்தக் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஊரிலும் இன்னும் போகவில்லை. ஆஸ்டினின் நாவல்களைத் தாங்கி நிற்பவை கூர்ந்து பார்த்த கண்ணும், ஆண்டுக்கணக்கில் திருத்திய கையும், எழுத நேரம் ஒதுக்கித் தந்த ஒரு வீடும் ஆகும்.

அப்படியானால் கதைக்கான தூண்டுதல் எது?

திருமணத்துக்கும் பணத்துக்கும் உள்ள உறவு. அவர் காலத்தில் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு மரியாதையான வேலை என்று ஏறக்குறைய எதுவும் கிடையாது. ஆசிரியையாகப் போகலாம், இல்லையென்றால் உறவினர் தயவில் வாழலாம். சொத்து பெரும்பாலும் மூத்த ஆண் வாரிசுக்கே போய்ச் சேரும். ஆகவே, யாரை மணப்பது என்ற கேள்விக்குள் எங்கே வாழ்வது, எதை உண்பது, முதுமையில் யார் காப்பாற்றுவார்கள் என்ற கேள்விகள் எல்லாம் அடங்கியிருந்தன. அண்ணன் மகள் ஃபானிக்கு 1814இல் எழுதிய கடிதத்தில், அன்பில்லாமல் மணந்துகொள்வதைவிட வேறு எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்கிறார். அதே ஃபானிக்கு 1817இல் எழுதும்போது, மணமாகாத பெண்கள் ஏழைகளாகிவிடும் அபாயம் கொடியது, திருமணத்துக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வலுவான காரணங்களுள் அதுவும் ஒன்று என்கிறார். அவருடைய ஆறு நாவல்களும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

வீட்டுக்குள்ளேயே இதற்குச் சான்றுகள் இருந்தன. கசாண்ட்ராவுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த டாம் ஃபௌல், திருமணத்துக்கு வேண்டிய வருமானம் போதாமல் காத்திருந்தவர், படைப்பிரிவின் மதகுருவாக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் 1797இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அக்கா அதன்பின் மணம் செய்துகொள்ளவே இல்லை. 1805இல் தந்தை இறந்தபோது தாயும் இரு மகள்களும் சகோதரர்கள் ஆண்டுதோறும் தந்த உதவித்தொகையை நம்பி வாழ நேர்ந்தது.

வாசிப்பையும் சொல்ல வேண்டும். சாமுவேல் ரிச்சர்ட்சன், ஃபானி பர்னி ஆகியோரின் நாவல்களை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். தந்தையின் நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுக்கவும் தடை இருந்ததில்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே எழுதத் தொடங்கி, அந்தக் காலத்து நாவல்களின் மிகையான கண்ணீரையும் மயக்கங்களையும் கேலி செய்யும் சிறு கதைகளால் மூன்று குறிப்பேடுகளை நிரப்பினார். காதல் கதை எங்கே பொய்யாகிறது என்பதை முதலில் கற்றுக்கொண்ட பிறகுதான் அவர் காதல் கதை எழுதினார்.

அவருக்கும் கடலூருக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மையா?

உண்மைதான், தமிழ் வாசகர்கள் பலருக்கும் தெரியாத செய்தி இது. ஜேனின் அத்தை, அதாவது தந்தையின் அக்கா ஃபிலடெல்ஃபியா, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். லண்டனில் பெண்களுக்கான தொப்பி தைக்கும் கடையில் தொழில் பயின்றார். கையில் பணமில்லாத பெண்கள் கணவனைத் தேடி இந்தியாவுக்குக் கப்பலேறுவது அப்போது நடைமுறையில் இருந்தது. அவரும் 1752இல் சென்னைக்கு வந்து இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியில் அறுவை மருத்துவராக இருந்த டைசோ சால் ஹான்காக்கை 1753 பிப்ரவரியில் கடலூரில் மணந்தார். அவர்கள் பிற்பாடு வங்காளத்துக்குப் போனார்கள். மகள் எலைசா 1761இல் கல்கத்தாவில் பிறந்தாள்; அவளுக்கு ஞானத்தந்தை வாரன் ஹேஸ்டிங்ஸ்.

இந்த எலைசாதான் ஜேனின் இளமையில் மிகப் பெரிய பாதிப்பு என்று சொல்லலாம். பிரெஞ்சுப் பிரபு ஒருவரை மணந்து, ஸ்டீவன்டன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, அங்கே களஞ்சியத்தில் நடந்த குடும்ப நாடகங்களில் நடித்து, வீட்டையே கலகலப்பாக்கியவர். பிரெஞ்சுப் புரட்சியில் அவருடைய கணவர் 1794இல் தலை வெட்டப்பட்டு இறந்தார்; பின்னர் எலைசா ஜேனின் அண்ணன் ஹென்றியை மணந்தார். அத்தையின் கதையும் வீணாகவில்லை. 1792இல், பதினாறு வயதில் எழுதிய 'கேதரின்' என்ற முற்றுப்பெறாத கதையில், பெற்றோரை இழந்த ஒரு பெண் உறவினர்களால் வங்காளத்துக்கு அனுப்பப்படுகிறாள். தன்னைவிட இரு மடங்கு வயதான பணக்காரரை மணந்து, வசதியாகவும் மகிழ்ச்சியின்றியும் வாழ்கிறாள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவளின் மனநிலையை அந்த வயதிலேயே அவர் யோசித்திருக்கிறார்.

இன்னொரு தொடர்பு இலங்கையில் உள்ளது. கடற்படையில் உயர்பதவிக்கு வந்த தம்பி சார்ல்ஸ், 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் கப்பலில் காலராவால் இறந்தார். அவருடைய கல்லறை திருகோணமலையில் இருக்கிறது.

ஒரு நாளில் எப்போது எழுதுவார்?

அவருடைய எழுத்து மிகவும் செழித்தது 1809 ஜூலைக்குப் பிறகு, சாட்டன் என்ற கிராமத்து வீட்டில். பணக்கார உறவினருக்கு வளர்ப்பு மகனாகப் போன அண்ணன் எட்வர்ட் தம் எஸ்டேட்டைச் சேர்ந்த அந்த வீட்டைக் கொடுத்தார். தாய், கசாண்ட்ரா, ஜேன், குடும்ப நண்பர் மார்த்தா லாய்ட் ஆகிய நால்வரும் அங்கே வாழ்ந்தார்கள்.

அண்ணன் மகள் கரோலைன் எழுதிய நினைவுகளின்படி, ஜேன் மற்றவர்கள் கீழே வருவதற்கு முன்பே பியானோ பழகிவிடுவார். ஒன்பது மணிக்குக் காலை உணவு தயார் செய்வது அவர் பொறுப்பு. தேயிலை, சர்க்கரை, ஒயின் ஆகியவற்றைப் பூட்டிவைத்துக் கணக்குப் பார்ப்பதும் அவரே. வீட்டு வேலையில் அவர் பங்கு ஏறக்குறைய அவ்வளவுதான். சமையலுக்கு ஏற்பாடு செய்வது, தோட்டம், கோழிகள், விருந்தினர் கவனிப்பு ஆகியவற்றை மற்ற மூவரும் வேலையாட்களும் பார்த்துக்கொண்டார்கள். காலை உணவுக்குப் பிறகு எழுத்தும் தையலும். பிற்பகலில் அக்காவுடன் நடை, பெரும்பாலும் பக்கத்து ஊரான ஆல்டன் வரை. இரவில் சத்தமாகப் படித்துக் காட்டுதல்.

கசாண்ட்ராவும் மார்த்தாவும் ஏற்றுக்கொண்ட வேலைகள் இல்லாவிட்டால் அந்த நாவல்கள் இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். 1816 செப்டம்பரில் கசாண்ட்ரா உடல்நலத்துக்காக வெளியூர் போயிருந்தபோது, வீட்டில் விருந்தினர் வந்து தங்கிப் போனார்கள். ஆட்டிறைச்சித் துண்டுகளும் ரேவல்சின்னி மருந்தின் அளவுகளும் தலை நிறைய இருக்கும்போது எழுதுவது தமக்கு முடியாத காரியம் என்று ஜேன் அக்காவுக்கு எழுதினார். வீட்டு நிர்வாகம் அக்காவின் கையிலிருந்து தம் கைக்கு வந்த சில வாரங்களிலேயே பேனா நின்றுவிட்டது. எழுதும் பெண்கள் எல்லாருக்கும் இந்தக் கடிதம் தங்கள் வீட்டில் எழுதப்பட்டது போலவே இருக்கும்.

கிரீச்சிடும் கதவின் கதை உண்மையா?

அண்ணன் மகன் ஜேம்ஸ் எட்வர்ட் ஆஸ்டின்-லீ 1870ஆம் ஆண்டிட்டு வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் வரும் செய்தி இது. வரவேற்பறையில், யாரும் எப்போதும் வந்துபோகும் இடத்தில், ஜேன் எழுதினார். தாம் நாவல் எழுதுவது வேலையாட்களுக்கும் வருபவர்களுக்கும் தெரியக்கூடாது என்பதற்காகச் சிறு தாள்களில் எழுதி, காலடி கேட்டதும் மறைத்துவிடுவார். அந்த அறைக்குப் போகும் வழியிலிருந்த ஒரு கதவு திறக்கும்போது கிரீச்சிடும். அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார், ஏனெனில் ஆள் வருவதை அது முன்கூட்டியே அறிவித்தது.

கதவு கிரீச்சிட்டிருக்கும். ஆனால் இந்தச் சித்திரம் அவரைப் பயந்தொடுங்கியவராகக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. வீட்டார் அனைவருக்கும் அவர் எழுதுவது தெரியும். எட்வர்டின் மகள் மரியான் நினைவுகூர்வது வேறு மாதிரி: அத்தை நெருப்பருகே அமைதியாகத் தைத்துக்கொண்டிருப்பார், திடீரென்று வாய்விட்டுச் சிரிப்பார், எழுந்து அறையின் மறுகோடியில் இருக்கும் மேசைக்கு ஓடி எதையோ எழுதுவார், திரும்பி வந்து ஒன்றும் நடக்காதது போலத் தையலைத் தொடர்வார். மறைத்து எழுதியவராக அல்ல, நாள் முழுவதும் மனத்துக்குள் எழுதிக்கொண்டே இருந்தவராகத்தான் இதில் அவரைப் பார்க்கிறோம்.

எதில், எதைக் கொண்டு எழுதினார்?

வாத்து இறகுப் பேனா, வீட்டில் காய்ச்சிய மை, சிறு தாள்கள். மைக்கான செய்முறை மார்த்தா லாய்டின் வீட்டுக் குறிப்பேட்டில் உள்ளது: மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் ஆகியவற்றை இடித்து, பீரில் ஊறப்போட்டு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, அடுப்பு மூலையில் 14 நாள் வைத்து, தினமும் இரண்டு மூன்று முறை குலுக்க வேண்டும். தாளை மடித்து, வெட்டி, உள்ளங்கை அளவை விடச் சற்றே பெரிய சிறு புத்தகங்களாகச் செய்துகொண்டு அதில் நெருக்கமாக எழுதினார். அவர் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட சின்னஞ்சிறு வால்நட் மர மேசை சாட்டன் வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது; ஒரு தாளும் மைக்கூடும் வைத்தால் மேசை நிறைந்துவிடும்.

பயணத்தின்போது சாய்வான மேற்பரப்புள்ள எழுதுபெட்டியைக் கொண்டுபோவார். 1798 அக்டோபரில் டார்ட்ஃபோர்ட் விடுதியில் தங்கியபோது, மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போக இருந்த வேறொரு பயணியின் வண்டியில் அந்தப் பெட்டி தவறுதலாக ஏற்றப்பட்டுவிட்டது. குதிரையில் ஆள் அனுப்பி, இரண்டு மூன்று மைல் தொலைவில் மீட்டார்கள். அதில் 7 பவுண்டு பணம் இருந்ததாகக் கடிதத்தில் சொல்கிறார். எழுதிய தாள்கள் இருந்தனவா என்று சொல்லவில்லை.

எந்த அளவுக்குத் திருத்துவார்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் முதல் வடிவத்தை 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்' என்ற பெயரில் 1796 அக்டோபரில் தொடங்கி 1797 ஆகஸ்டில் முடித்தார். அதே ஆண்டு நவம்பரில் தந்தை லண்டன் பதிப்பாளர் தாமஸ் கேடலுக்கு எழுதிக் கேட்டார். படித்துப் பார்க்காமலேயே மறுத்துவிட்டார்கள். அச்சில் வந்தது 1813 ஜனவரியில். இடையில் அதை வெட்டிச் சுருக்கிச் செதுக்கியதாக அவரே கடிதத்தில் சொல்கிறார். இருபது வயதில் எழுதியதை முப்பத்தேழு வயதில் வெளியிட்டபோது அது ஒரே நேரத்தில் இளமையின் துள்ளலும் முதிர்ந்த கணக்கும் கொண்ட நாவலாக இருந்தது. முதல் பதிப்பாளர் மறுத்தது நல்லதாயிற்று என்றுகூட எனக்குத் தோன்றும்.

'தி வாட்சன்ஸ்' என்ற முற்றுப்பெறாத நாவலின் பிரதியில் அவர் வேலை செய்த விதத்தைக் கண்ணால் பார்க்கலாம். தாளில் ஓரம் விடாமல் எழுதியிருப்பதால் சேர்க்க இடமில்லை. ஆகவே, புதிய பகுதியைத் துண்டுத் தாளில் எழுதி, அது சேர வேண்டிய இடத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறார். தையல் செய்பவரின் கை அது.

இதைவிடத் தெளிவான சாட்சி 'பெர்சுவேஷன்' நாவலின் கடைசிப் பகுதி. எட்டு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த ஆன், கேப்டன் வென்ட்வொர்த் ஆகிய இருவரும் மீண்டும் சேர வேண்டும். 1816 ஜூலை 18ஆம் தேதி எழுதி முடித்த முதல் வடிவத்தில், வென்ட்வொர்த்தின் அக்கா கணவரான அட்மிரல் கிராஃப்ட் ஆனைத் தெருவில் பார்த்துத் தம் வீட்டுக்குள் அழைத்துப் போகிறார், அங்கே வென்ட்வொர்த் இருக்கிறார், ஆன் வேறொருவரை மணக்கப்போவது உண்மையா என்று அட்மிரலின் சார்பில் அவர் கேட்க வேண்டியதாகிறது, இல்லை என்கிறாள், இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். கதை முடிந்தது, ஆனால் அவருக்குத் திருப்தியில்லை. ஆஸ்டின்-லீ சொல்வதன்படி, ஜேன் ஓர் இரவு மனச்சோர்வோடு படுக்கைக்குப் போய், மறுநாள் காலை புதிய யோசனையோடு எழுந்தார்.

ஆகஸ்ட் 6ஆம் தேதிக்குள் எழுதிய புதிய வடிவத்தில், விடுதி அறையொன்றில் ஆன் வேறொரு கேப்டனுடன், ஆண்களா பெண்களா யார் அதிக காலம் மறக்காமல் நேசிப்பவர்கள் என்று பேசிக்கொண்டிருக்கிறாள். புத்தகங்கள் எல்லாம் பெண்களை நிலையற்றவர்கள் என்கின்றனவே என்று அவர் சொல்ல, பேனா ஆண்களின் கையில்தானே இருந்திருக்கிறது என்று அவள் பதில் சொல்கிறாள். பக்கத்து மேசையில் வேறு யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த்துக்கு இது காதில் விழுகிறது. அவர் அங்கேயே, அப்போதே, அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறார். முதல் வடிவத்தில் தற்செயல் காதலர்களைச் சேர்த்தது. இரண்டாவதில் ஆன் பேசிய பேச்சு சேர்க்கிறது. நாவல் முழுவதும் வாய் திறக்காதிருந்தவளைக் கடைசியில் பேசவைத்த அந்தத் திருத்தம் மூன்று வாரத்துக்குள் நடந்தது. அச்சான ஆறு நாவல்களில் கையெழுத்துப் பிரதியாக எஞ்சியிருப்பது ஒதுக்கப்பட்ட இந்தப் பழைய அத்தியாயங்கள் மட்டுமே.

தகவல்களைச் சரிபார்ப்பாரா?

கண்டிப்பாக. நார்தாம்ப்டன்ஷயரில் வேலிப் புதர்கள் நிறைந்த வயல்கள் உண்டா என்று கேட்டு எழுதினார். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' எழுதும்போது கடற்படையிலிருந்த சகோதரர் ஃபிராங்கிடம் அவர் பணியாற்றிய கப்பல்களின் பெயர்களைப் பயன்படுத்த அனுமதி கேட்டார். நாவல் எழுத முயன்ற அண்ணன் மகள் அன்னாவுக்கும் இதையே கற்பித்தார்: டாலிஷ் என்ற ஊரிலிருந்து லைம் ஏறக்குறைய நாற்பது மைல், அங்கே அந்த ஊர்ப் பேச்சு எழாது என்று திருத்தினார், பாத்திரங்கள் அயர்லாந்து போகட்டும், ஆனால் நீ அவர்களோடு போகாதே, அந்த ஊர் நடைமுறை உனக்குத் தெரியாது என்றார். நாட்டுப்புறத்தில் மூன்று நான்கு குடும்பங்கள் இருந்தால் நாவலுக்கு அதுவே போதும் என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்தும் 1814இல் அன்னாவுக்கு எழுதியதுதான்.

நடுவில் பல ஆண்டுகள் எழுதாமல் இருந்தது ஏன்?

1801இல் தந்தை ஓய்வுபெற்று, குடும்பத்தோடு பாத் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அதன்பின் எட்டு ஆண்டுகள் வாடகை வீடுகள், உறவினர் வீடுகள், தந்தையின் மரணம், சௌதாம்ப்டனில் அண்ணன் குடும்பத்தோடு கூட்டுக்குடித்தனம். இருபத்து ஐந்து வயதுக்குள் மூன்று நாவல்களின் முதல் வடிவத்தை எழுதியவர், இந்தக் காலத்தில் 'தி வாட்சன்ஸ்' ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டார். சாட்டன் வீடு கிடைத்த பிறகு எட்டே ஆண்டுகளில் பழைய மூன்றையும் செப்பனிட்டு, புதிதாக மூன்று எழுதி, ஏழாவதையும் தொடங்கிவிட்டார். ஊக்கம் வற்றிப்போனது என்று சொல்வதைவிட, பெட்டியைப் பிரித்துவைக்க நிலையான இடம் கிடைக்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

யாரிடம் படித்துக் காட்டுவார்?

முதல் வாசகி கசாண்ட்ரா. பிறகு குடும்பம் முழுவதும். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' அச்சாகி வந்த அன்றே, எழுதியவர் யார் என்று சொல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு அதைப் படித்துக் காட்டினார்கள். அடுத்த வாரக் கடிதத்தில், அம்மா மிக வேகமாகப் படிக்கிறார், பாத்திரங்கள் பேச வேண்டியபடி பேசவைக்க அவரால் முடியவில்லை என்று ஜேன் குறைப்படுகிறார். உரையாடலைக் காதால் கேட்டுச் சரிபார்த்தவர் என்பது இதிலிருந்து விளங்கும். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்', 'எம்மா' ஆகிய இரண்டுக்கும் உறவினரும் நண்பர்களும் சொன்ன கருத்துகளைத் தொகுத்து எழுதிவைத்தார். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாயகி ஃபானி சப்பென்று இருக்கிறாள் என்ற தாயின் கருத்தும் அதில் அப்படியே உள்ளது.

பாத்திரங்களை நிஜ மனிதர்களைப் பார்த்து வரைந்தாரா?

நேரடியாக யாரையும் பிரதியெடுக்கவில்லை என்றே குடும்பத்தார் கூறினார்கள். ஆனால் பாத்திரங்கள் அவருக்கு நிஜ மனிதர்களாகவே இருந்தார்கள். 1813 மே மாதம் லண்டனில் ஓவியக் கண்காட்சிக்குப் போனபோது, 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் வரும் திருமதி பிங்லியின் உருவப்படத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக, வெள்ளை உடையும் பச்சை அணிகளும் அணிந்திருப்பதாக மகிழ்ந்து எழுதினார். அதே நாவலின் நாயகியான திருமதி டார்சியையும் தேடினார், மஞ்சள் உடையில் இருப்பாள் என்று எதிர்பார்த்தார், அகப்படவில்லை. நாவலுக்குப் பின் என்ன நடந்தது என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், நாயகியின் தங்கை கிட்டி ஒரு மதகுருவை மணந்தாள், இன்னொரு தங்கை மேரிக்கு மாமாவின் அலுவலக எழுத்தர் கிடைத்தார் என்று தயக்கமின்றிச் சொல்வார்.

பணத்துக்காக எழுதினாரா?

பணத்தையும் விரும்பினார், அதை மறைக்கவுமில்லை. 1803இல் 'சூசன்' என்ற நாவலை ஒரு பதிப்பாளர் 10 பவுண்டுக்கு வாங்கி, அச்சிடாமலே வைத்துக்கொண்டார். 1816இல் அதே 10 பவுண்டைக் கொடுத்து மீட்க வேண்டியிருந்தது. அவர் இறந்த பிறகு 'நார்தாங்கர் அபே' என வெளிவந்தது அதுதான். 1811இல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' ஆசிரியர் பெயரில்லாமல், 'ஒரு சீமாட்டி எழுதியது' என்ற குறிப்போடு, நட்டம் வந்தால் தாமே ஏற்கும் ஒப்பந்தத்தில் வெளியாகி 140 பவுண்டு லாபம் தந்தது. அடுத்த நாவலின் உரிமையை 110 பவுண்டுக்கு விற்றார். அவர் கேட்டது 150. 1813இல் ஃபிராங்குக்கு எழுதிய கடிதத்தில், எழுதி 250 பவுண்டு சேர்த்துவிட்டேன், இன்னும் வேண்டுமென்றே ஆசை வருகிறது என்கிறார். பிறர் தந்த கைச்செலவுப் பணத்தில் வாழ்ந்த பெண்ணுக்கு, தம் பேனாவால் வந்த ஒவ்வொரு பவுண்டும் எவ்வளவு பெருமை தந்திருக்கும் என்பதை அந்த வரியில் கேட்கலாம்.

பிறர் சொன்ன கதையை எழுதியதுண்டா?

இல்லை. இளவரசரின் நூலகர் ஜேம்ஸ் கிளார்க், அரச குடும்பத்தைப் பற்றி வரலாற்றுக் காதல் நாவல் எழுதலாமே என்று யோசனை சொன்னார். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தாலொழிய அப்படி ஒன்றை எழுத உட்காரவே தம்மால் முடியாது, தம் வழியில்தான் போக வேண்டும் என்று 1816 ஏப்ரலில் பணிவாகவும் உறுதியாகவும் மறுத்தார்.

நோயுற்றபோதும் எழுதினாரா?

எழுதினார். 1817 ஜனவரி 27ஆம் தேதி தொடங்கிய 'சாண்டிட்டன்' நாவலை மார்ச் 18ஆம் தேதி நிறுத்தினார். வீட்டில் இருந்த ஒரே சோஃபாவைத் தாய்க்கு விட்டுக்கொடுத்து, மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அதில் படுத்திருந்ததாகக் கரோலைன் குறிப்பிடுகிறார். நோயாளிகளும் மருந்துப் பித்துப் பிடித்தவர்களும் நிறைந்த அந்த நாவல் அவர் எழுதியவற்றிலேயே மிகுந்த கேலி நிறைந்தது. ஜூலை 18ஆம் தேதி, 41 வயதில், வின்செஸ்டரில் இறந்தார்.

அவருடைய கடிதங்கள் ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கின்றன?

கசாண்ட்ரா தம் இறுதிக் காலத்தில் பெரும்பாலானவற்றை எரித்துவிட்டார். சிலவற்றில் வரிகளை வெட்டியெடுத்தார். எஞ்சியவை சுமார் 160. அக்காவைக் குறைகூறப் பலரும் விரைகிறார்கள். தங்கைக்கு எழுத நேரம் கொடுத்த அதே கைதான் அவரது அந்தரங்கத்தையும் காத்தது என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

தமிழில் அறிமுகம் பெற எங்கே தொடங்கலாம், கையெழுத்துப் பிரதிகளை எங்கே பார்க்கலாம்?

2000ஆம் ஆண்டு வெளிவந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' திரைப்படம் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தழுவியது. அதைப் பார்த்தவர்களுக்கு அந்த நாவலின் சொத்துச் சிக்கலும் அக்கா தங்கை வேறுபாடும் எளிதில் பிடிபடும். அவருடைய எழுத்துமுறையை அறிய விரும்புபவர்கள் 'பெர்சுவேஷன்' நாவலைப் படித்துவிட்டு, ஒதுக்கப்பட்ட அத்தியாயங்களையும் படிக்க வேண்டும். பல பதிப்புகளில் அவை பின்னிணைப்பாக உள்ளன. அந்தப் பிரதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. குண்டூசி குத்திய 'தி வாட்சன்ஸ்' பிரதியின் பெரும்பகுதி ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்திலும், 'சாண்டிட்டன்' கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் உள்ளன. அங்கே போக முடியாதவர்களுக்கு, அடித்தல் திருத்தல்களோடு எல்லாப் பக்கங்களின் படங்களும் இணையத்திலேயே கிடைக்கின்றன.